இல்லை என்று சொன்ன ஊர்

ஆஸ்பத்திரிகளில் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படம் எடுப்பவள் அல்ல. எடுக்கிற இயந்திரம் மக்கர் பண்ணினால் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சரிசெய்பவள். மாதத்தில் பாதி பஸ்ஸிலும் லாட்ஜிலும் கழியும். வேலை முடிந்தால் மற்றவர்கள் துணிக்கடையைத் தேடுவார்கள். அவள் துப்பாக்கிக் கடையைத் தேடுவாள். சுடுவதற்கு ஒரு ரேஞ்ச் இருந்தால் இன்னும் நல்லது. ரெண்டும் இல்லாத ஊரில் ராணுவ அருங்காட்சியகம் இருந்தாலும் போதும்; துருப்பிடித்த பீரங்கியைக்கூடக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

தேடிக் கொடுப்பவர் அவள் கணவர். வீட்டில் இருந்தபடியே நாலு பேரை விசாரித்துச் சொல்வார். "மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு ரேஞ்ச் இருக்கும்மா. ஓனர் கொஞ்சம் முசுடாம். சிரிச்சுப் பேசு." எந்தப் புருஷன் இப்படிச் செய்வான் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் அவள் பெருமை அடித்துக்கொள்வாள்.

அந்தப் பைத்தியம் சின்ன வயதில் பிடித்தது. அப்பா நாற்காலி மேசை செய்கிறவர். ஏர் ரைஃபிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார். மகள் இடக்கைக்காரி என்பதால் கன்னம் வைக்கிற இடத்தைத் தன் கையாலேயே இழைத்து, அதில் கருங்காலித் துண்டு ஒன்றைப் பொருத்தினார். அதை வைத்துக்கொண்டு அவள் மாநில அளவுவரை சுட்டாள். தலைநகரத்தில் ரெண்டு வருஷப் பயிற்சி முகாமுக்குத் தேர்வு வந்தது. தேர்வுக்கு முந்தைய வாரம் கிளப்பில் அவளுடைய லாக்கர் திறந்து கிடந்தது. துப்பாக்கி இல்லை. தேர்வும் அதோடு போயிற்று.

"பூட்டினியா?" என்று கேட்டார் அப்பா.

"பூட்டினேம்ப்பா."

"பூட்டியிருந்தா எப்படிப் போகும்?"

அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூட ஆறியிருக்கும். மகளுக்குப் பொறுப்பில்லை என்ற எண்ணத்தோடேயே சில வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். போகப்போக அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது, பூட்டினோமா இல்லையா என்று.

அந்த நாட்களில் அவளோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைந்தவர், அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கிளப்பில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். அடுத்த வருஷம் அவரையே கட்டிக்கொண்டாள்.

ஒரே ஓர் ஊரைப் பற்றி மட்டும் அவர் எப்போதும் ஒன்றுதான் சொல்வார். மலையடிவாரத்து ஊர். "அங்க ஒண்ணுமே இல்லம்மா. போன வேலைய முடிச்சிட்டு வந்துடு." அவளும் வந்துவிடுவாள். போன மழைக்காலத்தில் அங்கே வேலை மத்தியானமே முடிந்தது. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் பேச்சுவாக்கில் நர்ஸிடம் கேட்டாள்.

"ரேஞ்சா? ஆத்துப் பாலத்துக்கிட்ட இருக்கே. முன்னாடி கடை, பின்னாடி ரேஞ்ச். ரொம்பக் காலமா இருக்கு" என்றாள் நர்ஸ்.

பாவம், அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனாள். கடைச் சுவரில் துப்பாக்கிகள் வரிசையாக மாட்டியிருந்தன. கடைசியில் ஒன்று. கருங்காலித் துண்டு அப்படியே இருந்தது. கேட்காமலே எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் உட்கார்ந்தது.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா" என்றார் கடைக்காரர். "குடுத்தவர் அப்பப்ப போன் பண்ணி, இருக்கா, வித்துடாதீங்கன்னு சொல்லிட்டே இருப்பார். இத்தனை வருஷத்துல வந்து வாங்கிட்டுப் போகவும் இல்ல."

"யாரு குடுத்தது?"

"ஏதோ கிளப்புல ஸ்டோர் பாத்தவர். அப்ப சின்னப் பையன்."

அவள் போனில் இருந்த கல்யாணப் படத்தைக் காட்டினாள். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இவர்தான். பக்கத்துல..." என்று அவள் முகத்தைப் பார்த்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். உள்ளே போய் ஒரு நீளப் பையை எடுத்து வந்து, துப்பாக்கியை அதில் வைத்துக் கொடுத்தார்.

வீட்டில் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் பையை மேசையில் வைத்தாள். அதன் நீளத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை அணைத்தார்.

"நீ முகாமுக்குப் போயிருந்தா திரும்பி வந்திருக்க மாட்ட. அந்த பயத்துல ஸ்டோர்ல இருந்த மாத்துச் சாவியால திறந்து எடுத்துட்டேன். அப்புறம் சொல்ல வாய் வரல."

"வந்திருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சுக்க விட்டீங்களா?"

"அதுக்குத்தான் உனக்காக ஒவ்வொரு ஊரா..."

"தேடுனீங்க. தெரியும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "துப்பாக்கி போனா போகட்டும். எங்கப்பா என்னைப் பூட்டினியான்னு கேட்டாரே, அன்னிக்கு எங்க நின்னீங்க?"

அவர் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"பக்கத்துலதான நின்னீங்க. ஆஸ்பத்திரியில அவர் கிடந்தப்பவும் நின்னீங்க. அவர் காதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்காக வேண்டாம், அவருக்காகவாவது."

ஒரு துரோகமாக இருந்தால் மன்னித்துவிட்டுப் போகலாம். இதில் எத்தனை வருஷம் சேர்ந்திருந்தது. அவர் தேடிக் கொடுத்த ஒவ்வொரு ரேஞ்சும், பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கூட்டி வந்த ஒவ்வொரு சாயங்காலமும் இப்போது அவளுக்கு வேறு முகம் காட்டின.

பிரிந்துவிடவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பால் தீர்ந்தால் பால், கரண்ட் போனால் கரண்ட் என்று அளவாகப் பேச்சு. போன வாரம் அவள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வாசற்படியில் நின்றபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீ போற ஊர்ல ஒரு ராணுவ அருங்காட்சியகம் இருக்கும்மா. காலையில ஒன்பது மணிக்குத் திறப்பாங்களாம்."

அவள் தலையாட்டினாள். தெருமுனைக்குப் போனதும் நம்பரைத் தேடி அருங்காட்சியகத்துக்கே போன் போட்டாள். அவர் சொன்னது சரிதான், ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்களாம். அவளுக்கு ஆறுதலாக இல்லை. இனி அவர் சொல்கிற உண்மையைக்கூட இன்னொருவரிடம் கேட்டுத்தான் நம்ப வேண்டும் என்று தோன்றியது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.