வெள்ளிக் கவசத்துக்கு வெளிச்சம் பிடித்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் ஒரு மண்டபம் முழுக்க இளவரசிகள், பேய்கள், வாள் வீரர்கள்! கார்ட்டூன், வீடியோ கேம் பாத்திரங்களைப் போல வேஷம் கட்டி வரும் ரசிகர்களின் கூடல். கொஸ்பிளே என்கிறார்கள்.

படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹட்டனில் இத்தனை வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவள் நான். மணப்பெண்ணைவிடவா இவர்கள் மினுங்கிவிடப் போகிறார்கள் என்ற நினைப்பில் போனேன்.

மினுங்கினார்கள்...

முதலில் வந்து நின்றவள் சுதர்ஷினி. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். ஹட்டனில் போன் கடையில் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளிக் கவசம். கையில் அட்டை வாள். எதில் செய்தாய் என்று கேட்டேன்.

"தேயிலை பேக் பண்ற சாக்குக்கு உள்ள ஒட்டியிருக்குமேக்கா, அந்த வெள்ளித்தாள். கிழிஞ்சதுன்னு பெக்டரியில ஒதுக்கிப் போட்டத அப்பா கொண்டாந்து குடுத்தாங்க. என்னத்துக்குன்னு மட்டும் நான் சொல்லல."

பிளாஷை அடித்தேன். நெஞ்சுக் கவசம் வெள்ளை வெளேரென்று எரிந்தது. முகம்? இருட்டு. பிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பினேன். பழைய மரக் கூரை, பாதி வெளிச்சத்தை விழுங்கிவிட்டு மீதியை மஞ்சளாகத் திருப்பித் தந்தது. ஸ்டாண்ட் போட்டு லைட் வைக்கலாம் என்றால், இறக்கை கட்டியவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று மண்டபத்தில் விடவில்லை. பிளாஷே வேண்டாம் என்றாலோ, உச்சியில் எரியும் டியூப் லைட் கண்ணுக்குக் கீழே குழி பறித்தது.

கெமராத் திரையைப் பார்த்த சுதர்ஷினியின் குரல் இறங்கிவிட்டது. "மூஞ்சியே தெரியலையேக்கா..."

எனக்கு நினைவெல்லாம் எங்கள் தோட்டத்தில் மன்மதன்-ரதி கதை ஆடும் காமன் கூத்துக்குப் போய்விட்டது. கல்யாணமான புதிது. எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து ஒரே கெமரா, ஒரே பிளாஷ். சாயங்காலம், லயத்து வீட்டு வாசலில் ரதி வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறார் ஓர் அண்ணன். தலையில் ஜிகினாக் கிரீடம். பிளாஷ் அடித்தால் கிரீடம் மட்டும்தான் படத்தில் விழும் என்று எனக்குப் பயம். பிலிம் காலம், கழுவிப் பார்த்தபிறகுதானே தெரியும்?

என் கணவர் யாரிடமோ ஒரு வெள்ளை வேட்டியை வாங்கி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"அவருமேல அடிக்காத. இதுமேல அடி."

துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம், பனிமூட்டத்துக்குள்ளிருந்து வரும் வெயில் போல ரதியின் முகத்தில் இறங்கியது. படத்தில் கண்மை கலைந்திருந்தது கூடத் தெரிந்தது!

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் கையில் ஒரு வெள்ளைப் பெட்ஷீட். துணி காயப் போட வந்தவர் மாதிரி அவர் நிற்பதைப் பார்த்து மணப்பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு என் படத்தில் விழும். இப்போது அவர் இல்லை. நல்ல ஸ்டாண்டுகள் வைத்திருக்கிறேன். ஸ்டாண்டைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள்?

பெட்ஷீட் மட்டும் இன்னும் பையிலேயே இருக்கிறது. எடுத்தேன். யார் பிடிப்பது? எல்லார் கையிலும் வாள், வில், மந்திரக்கோல்...

"என்ன புள்ள இது?"

வாசலில் ஸ்வெட்டரும் குடையுமாக ஒருவர். சுதர்ஷினியின் அப்பா. ஏதோ கண்காட்சி என்று சொல்லிவிட்டு வந்த மகளைக் கூட்டிப் போக வந்திருக்கிறார்.

"இதுக்கா சாக்கு கேட்ட? ஒழுகுற கூரைக்குன்னுல்ல நெனச்சேன். தோட்டத்து ஆளுங்க பாத்தா என்ன சொல்லுவாங்க? கழட்டு. பஸ்ஸு போயிரும்."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றப் போனாள். பாதியில் நிறுத்தி அவரைப் பார்த்தாள். "ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேன்ப்பா. இதத் தைக்க எத்தன நாளு முழிச்சேன் தெரியுமா?"

அவர் வெளியே பஸ் வரும் பக்கம் எட்டிப் பார்த்தார். நான் பெட்ஷீட்டை அவர் கையில் திணித்தேன்.

"இதப் புடிங்கண்ணே. நீங்க புடிச்சாத்தான் சீக்கிரம் முடியும்."

பஸ் அவசரத்தில் வாங்கிக்கொண்டார். தரையைப் பார்த்தபடி விறைப்பாக நின்றார். பிளாஷைக் கெமராவிலிருந்து கழற்றித் துணிப் பக்கம் திருப்பி அடித்தேன். வெளிச்சம் அவள் காலடியில் விழுந்தது.

"அவ மூஞ்சியப் பாத்துப் புடிங்கண்ணே."

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொல்லாமலே ஓரடி முன்னால் வந்தார்.

"இந்தப் பக்கத்துக் கண்ணு இருட்டா இருக்கே தங்கச்சி... இப்ப சரியா?"

சரியாக இருந்தது.

"இன்னொண்ணு எடுங்க."

"பஸ்ஸுப்பா?" என்றாள் மகள்.

"அடுத்தது இருக்கு."

திரையில் படத்தைக் காட்டினேன். கவசத்தின் ஒவ்வொரு தையலும் தெரிந்தது. அவள் கண்கள் பளபளத்தன. அழப் போகிறாளா, சிரிக்கப் போகிறாளா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர் நல்லாயிருக்கு என்றெல்லாம் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தோள்ல தையல் பிரிஞ்சிருக்கு. வீட்டுல கோந்து இருக்கு, ஒட்டிக்கலாம்" என்றார்.

வெளியே தூறல். "கழட்டட்டாப்பா?" என்றாள்.

"அது நனையாது புள்ள. போட்டுக்கிட்டே வா."

வெள்ளி வீராங்கனை முன்னால் நடக்க, அட்டை வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அது நனையாமல் குடை பிடித்தபடி அப்பா பின்னால் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நுவரெலியா பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது லேசில்லை. அன்றைக்கு அந்த வீராங்கனைக்குக் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்!