போகிறவர்களுக்கு ஒரு டொபி

“குடுங்க பாப்போம்” என்று கையை நீட்டுவார் விஜயகலா. கடைக்கு வந்தவர் தயங்கித் தயங்கித் தம் புதுச் செல்போனை எடுத்துக் கொடுப்பார். விஜயகலா பின்மூடியைக் கழற்றி, பற்றரியைத் தூக்கி, உள்ளே கிடப்பது எந்தக் கம்பெனியின் சிம் என்று பார்ப்பார். தம்முடைய கம்பெனி என்றால் முகம் மலர்ந்துவிடும். மேசைமேல் இருக்கும் மிட்டாய்ப் போத்தலைத் திறந்து ஒரு டொபி எடுத்து அவர் கையில் வைப்பார். வேறு கம்பெனி என்றால் மூடியை மறுபடி மாட்டிக் கொடுத்து, “பரவால்ல, அதுலயும் பேசினா கேக்கும்” என்பார். டொபி கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், விஜயகலா நடத்துவது கொமியூனிகேஷன் கடை. கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே, மஷூர் நானாவின் பலசரக்குக் கடையை ஒட்டினாற்போல் இருக்கிறது. தொடக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட மூன்று டெலிபோன் பூத், ஒவ்வொன்றிலும் ஒரு முக்காலி, முன்மேசையில் நிமிடத்தை எண்ணும் மீட்டர். சுற்றுத் தோட்டத்துச் சனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, கொழும்புக்கும் குவைத்துக்கும் பெய்ரூத்துக்கும் இங்கிருந்துதான் பேசினார்கள். வரிசை நானாவின் கடை வாசலையும் மறைத்து நிற்கும். ஆளுக்கொரு செல்போன் வந்தது, வரிசை போயிற்று. வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவரோ போகிறவர்களுக்கு டொபி கொடுத்து அனுப்புகிறார்.

“கட மூடுறதுக்கு டொபி குடுக்குற ஆள இப்பதான் பாக்குறேன் தங்கச்சி” என்று மஷூர் நானாவே, பத்திரிகைக்காரனான என்னைச் சாட்சி வைத்து அவரிடம் சொன்னார்.

காரணம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டு ஒரு பெரிய செல்போன் கம்பெனி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம். அதை மற்றவர்கள் வடை சுற்ற எடுத்துக்கொண்டார்கள். விஜயகலா வெட்டி வைத்துக்கொண்டார். “என் யாவாரத்த யாரு திங்கிறான்னு பாத்தேண்ணே. அவன்கிட்டயே பங்கு வாங்கி சேந்துக்கிட்டேன். வேற என்ன செய்ய?”

போட்ட காசு சும்மா கிடந்த காசல்ல. போட்டோகொப்பி மெஷின் வாங்குவதற்கென்று சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு. கடை இப்படியே போனால் நிற்காது, மெஷின் வந்தால்தான் தப்பும் என்று கணவர் கிருஷ்ணராஜ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவர் திரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவர். வாய்ப்பேச்சில் திரீவீலைவிட வேகம். “வங்கியில போயி போம் எடுத்து நெரப்புனா. கொழும்புல ஒரு புரோக்கர் கம்பெனி மூலமா பங்கு வைக்கிறதுக்கு சீ.டீ.எஸ். கணக்குன்னு ஒண்ணு தொறந்தா. அதுக்கு ஐடென்டி காட்டு கொப்பி வேணும்னாங்க. அந்தக் கொப்பி அடிக்கிறதுக்கும் அடுத்தவன் கடைக்குத்தான் போனா. கடைசியில கையில பிடிக்க ஒரு சேட்டிபிகட் உண்டா? அதுவும் இல்ல. எல்லாம் கம்பியூட்டர்ல இருக்காம். காசு குடுத்துக் காத்த வாங்கியிருக்கா சார்.”

விஜயகலா கொடகவெலப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தோட்டத்தில் கொடுக்கிற எதற்கும் ஓர் இலக்கம் உண்டு. லயத்துக்கு இலக்கம், அதிலுள்ள காம்பராவுக்கு இலக்கம், கொழுந்து மலைக்கு இலக்கம். பங்கு கிடைத்ததும் புரோக்கர் கம்பெனிக்குப் போன் போட்டு, “என்னோட பங்கு எந்த டவர்ல இருக்குங்க?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் இருந்த பெண்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, எல்லா டவரிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னாளாம். நல்ல பிள்ளை. அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போது எந்த மலையில் டவர் தெரிந்தாலும் விஜயகலா எட்டிப் பார்ப்பார். “அதுல ஒரு ஆணியாச்சும் நம்மளோடது” என்பார்.

பங்கை எப்படி எடைபோடுவது என்று கேட்டால் முதலில் கணவரைத்தான் இழுப்பார். “இவரு திரீவீல் வாங்கினப்போ பெயின்ட் பளபளன்னு இருக்குன்னா வாங்கினாரு? நாளைக்கு எவ்வளவு ஓடும், லீசிங் எவ்வளவு கட்டணும், போட்ட காசு எத்தன வருசத்துல திரும்பும்னு பாத்துத்தானே வெல பேசினாரு? இதுவும் அதான். ஒரு பங்கு வருசத்துக்கு எவ்வளவு சம்பாதிக்குது, அதுக்கு நா எத்தன மடங்கு குடுக்குறேன், அவ்வளவுதான் கணக்கு.”

அதோடு விடுகிறவரல்லர். ஆண்டறிக்கை தபாலில் வந்தால், வழுவழுப்பான தாளில் டை கட்டிச் சிரிக்கும் பெரியவர்களை விரலால் தள்ளிவிட்டு நேரே கடன் பக்கத்துக்குப் போவார். “டவர் கட்ட வாங்கின கடன்னா சரி. சம்பளம் குடுக்கக் கடன் வாங்கினா, அங்க இருக்கக் கூடாது.” செல்போன் எத்தனை விற்றது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. மஷூர் நானாவிடம் விசாரிப்பது வேறு. “நானா, ரீலோட் காட்டு வாங்கின ஆளே திரும்பத் திரும்ப வாராங்களா?” சின்ன ரீலோட் அட்டையைச் சுரண்டிச் சுரண்டி மறுபடி வாங்க வருகிற தோட்டத்துப் பையன்கள்தான் அவர் கணக்கில் கம்பெனியின் அஸ்திவாரம். “போனு வாங்குறது ஒரு நாளு. காட்டு வாங்குறது வாரா வாரம்.” இதைச் சொன்ன கையோடு என்னைத் திரும்பிப் பார்த்து, “அண்ணே, நீங்க எழுதுற பத்திரிகை லாபத்துல ஓடுதா?” என்று கேட்டார். நான் தேநீர் ஆறுகிறது என்றேன்.

இத்தனை பேசுகிறவரிடம் ஒரு செல்போன் கிடையாது. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு கையில் செல்போனும் வைத்திருப்பது பூத்துக்குச் செய்கிற துரோகமாம்.

முதல் வருசம் பங்கு கொஞ்சம் ஏறி, பிறகு இவர் கொடுத்த விலைக்கும் கீழே போயிற்று. கிருஷ்ணராஜ் மஷூர் நானாவின் கடைப் பத்திரிகையில் விலையைப் பார்த்துவிட்டு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். “மெஷினும் இல்ல, காசும் இல்ல. டிசம்பர்ல கட வாடக புதுசா எழுதணும். எத வச்சு எழுதப் போற?” விஜயகலாவுக்கும் பயம்தான், அதை என்னிடம் மறைக்கவில்லை. “ராத்திரி தூக்கம் வரல அண்ணே. ஆனா காலையில வந்து கடையத் தொறந்தா, நேத்து வந்தவங்க இன்னைக்கு வரல. எல்லாரும் போனுல பேசிக்கிட்டே கடையத் தாண்டிப் போறாங்க. என் கட காலியாக் கெடக்கும்போது அந்தக் கம்பெனி எப்படிக் காலியாகும்? விக்க மாட்டேன்னுட்டேன்.”

வருசம் திரும்பியது. விலையும் திரும்பியது. மெல்ல ஏறி, போட்டதைப்போல் இருமடங்கானது. ஊரெல்லாம் இன்னும் ஏறும் என்றது. ஊர் வாங்கச் சொன்ன அந்த வாரத்தில், முதலாவது பூத்துக்குள் போய், புரோக்கருக்குப் போன் போட்டு, பாதியை விற்கச் சொன்னார் விஜயகலா. “போட்டது கைக்கு வந்திருச்சு. மிச்சம் சும்மா ஓடட்டும். ஏறினாலும் சந்தோசம், எறங்கினாலும் சோறு உண்டு.” அந்தக் காசில் போட்டோகொப்பி மெஷின் வந்து இறங்கியபோது, காற்றை வாங்கியதாகச் சொன்ன அதே கிருஷ்ணராஜ் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, திருஷ்டிக்குத் தேசிக்காய் நசுக்கி, முதல் கொப்பியாகத் தம் லைசென்ஸை அடித்து எல்லாருக்கும் காட்டினார்.

மெஷினுக்கு இடம் வேண்டுமே. இரண்டு பூத்தைக் கழற்றினார்கள். மூன்றாவதையும் கழற்றினால் லெமினேட் மெஷினும் போடலாம் என்று கிருஷ்ணராஜ் துடித்தார். விஜயகலா அசையவில்லை. வெள்ளையம்மா இருக்கிறார் என்பார்.

வெள்ளையம்மா மேல்மலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மகள் கோகிலா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கோகிலா இந்த மூன்றாவது பூத்துக்குப் போன் எடுப்பாள். அம்மா வந்து பேசுவார். வருசக்கணக்காக இதுதான் வழக்கம். இப்போது இந்தக் கடைக்கு மிஞ்சியிருந்த ஒரே பூத் வாடிக்கை அவர்தான். “அந்த மனுசி எங்க போயி நிக்கும்?” என்று விஜயகலா கேட்டால் கிருஷ்ணராஜ் திரீவீலைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

போன வெள்ளிக்கிழமை பிறப்புச் சான்றிதழ் ஒன்றைக் கொப்பி எடுக்க நானும் அங்கே நின்றேன். வெள்ளையம்மா பூத்துக்குள் முக்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. பூத் போன் அல்ல, பை. வெள்ளையம்மா காது கேளாதவர் போல் சுவரைப் பார்த்தார். அது விடாமல் அடித்தது.

“அக்கா, ஒங்க பைக்குள்ள அடிக்குது” என்றார் விஜயகலா.

“அடிக்கட்டும்மா.”

“கோகிலாவா?”

வெள்ளையம்மா தலையைக் குனிந்துகொண்டார். “போன மாசமே குவைத்துல இருந்து வந்தவ ஒருத்திக்கிட்ட இந்தப் போன குடுத்து அனுப்பிட்டா. இன்னைக்கு பூத்துல எடுக்காத, கைப்போனுல எடுன்னு சொல்லிருந்தா. நா வராட்டி ஒனக்கு வேற யாரு வருவா? அதான் வந்து ஒக்காந்தேன்.”

விஜயகலா சிரிக்கத் தொடங்கினார்; மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். “நீங்க வருவீங்கன்னு நா பூத்த கழட்டாம வச்சிருக்கேன். நா இருக்கேன்னு நீங்க பஸ்ஸு ஏறி வாறீங்க. ஹரி, சரிதான். நல்ல கூத்து.” வெள்ளையம்மாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. வெள்ளையம்மா செல்போனை எடுத்து மகளோடு பேசி முடித்ததும், எப்படி எடுப்பது, எப்படி வைப்பது என்று விஜயகலா பொத்தான் பொத்தானாகக் காட்டிக் கொடுத்தார். கடை நம்பரையும் அதில் ஏற்றிவிட்டார். வெள்ளையம்மா பஸ்ஸுக்குப் போனார். கிருஷ்ணராஜ் பூத்தைக் கழற்றத் திருப்புளியைத் தேட ஆரம்பித்தார்.

நான் சான்றிதழை நீட்டினேன். விஜயகலா மெஷின் மூடியைத் தூக்கும்போது மூன்றாவது பூத்தில் மணி அடித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் நிலையத்துத் தூணோரம், வெள்ளையம்மா செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டு இங்கேயே பார்த்து நின்றார்.

விஜயகலா பூத்துக்குள் போனார். அந்த முக்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ரிசீவரை எடுத்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நான் கண்ணாடியில் தட்டிச் சான்றிதழைக் காட்டினேன். பேச்சை நிறுத்தாமலே, என் பக்கம் திரும்பாமலே, ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினார்.