பத்து வரை எண்ணியவர்

ரப்பர் ஆலையில் ஃபிட்டரான அவள் அப்பாவைச் "சாவி" என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும். ரப்பரை நசுக்கும் உருளைகளுக்கு நடுவே யாருடைய கை சிக்கினாலும் ஆள் அவரைத் தேடித்தான் ஓடி வரும். முப்பது வருடத்தில் பதினோரு கைகளைச் சேதமில்லாமல் மீட்டிருந்தார்.

அவற்றுக்கு முன்னால் ஒரு கை இருந்தது. அவருடைய நண்பரின் கை. "ரிவர்ஸ் போடு, ரிவர்ஸ் போடு" என்று எல்லோரும் கத்த, அப்பா போட்டார். பின்னால் சுற்றுவதற்குமுன் உருளை முன்னால் ஒரு துள்ளுத் துள்ளியது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அதன்பின் அவர் ரிவர்ஸைத் தொடவேயில்லை. உருளைகள் விலக, இரண்டு பக்க போல்ட்டையும் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துவார். சிக்கியவரிடம் பேசும் வாய் ஓயாது. "இழுக்காதய்யா. மாமியாரே வந்து நின்னாலும் எந்திரிக்காத."

நண்பர் எதிரே வந்தால் மட்டும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். வீட்டில், சாப்பிட உட்காரும்போது மகளின் கைகளை வாங்கி விரல்களை எண்ணுவார். பத்து வந்தால்தான் தட்டில் கை வைப்பார்.

மகள் இன்ஜினியரிங் படித்ததும் ஒருநாள் சொன்னாள்.

"ரிவர்ஸ் போட பிரேக்கை விட்டா முறுக்கியிருந்த ஷாஃப்ட் துள்ளத்தான்ப்பா செய்யும். அது மெஷினோட குணம். உங்க தப்பில்ல."

"துள்ளும்னு எனக்குத் தெரியும்மா. எல்லாரும் கத்தினாங்க. மறந்துட்டேன்."



வருடங்கள் கழித்து, ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்த அப்பா காலையிலிருந்து அவள் கையை விடவில்லை. அவள் விரல்கள் மரத்துவிட்டன.

"இழுத்துருங்கக்கா," என்றாள் நர்ஸ்.

"இழுக்காத பாப்பா." வாசலில் அப்பாவின் நண்பர். "சாவிக்கு அந்தப் பாடத்தை நடத்தினதே நான்தான். நாலு விரலைக் கொடுத்து நடத்தினேன்."

அப்பாவின் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். அவள் கை வெளியே வந்தது. அப்பாவின் விரல்கள் வெறும் காற்றைத் துழாவின. நண்பர் தன் மொட்டைக் கையை அவற்றுக்குள் வைத்தார்.

அப்பாவின் விரல்கள் அந்தக் கட்டைவிரலைக் கண்டன. உதடு அசைந்தது.

"ஒண்ணு."

அடுத்ததைத் தேடித் தடவின. தழும்பைச் சுற்றிவிட்டுக் கட்டைவிரலுக்கே திரும்பின.

"ஒண்ணு."

"அவ்வளவுதான்டா." நண்பர் குனிந்து காதருகே சொன்னார். "இத்தனை வருஷம் தெரு மாறி ஓடினியே, நின்னு கேட்டிருந்தா நானே எண்ணிச் சொல்லியிருப்பேனே?"

மூச்சு அடங்கும் வரை அப்பா எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்றைத் தாண்டவேயில்லை.