மூன்று நரம்பும் கச்சான் காற்றும்

1967, மாசி. பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மனைவி தவறி விழுந்தார். இடது மணிக்கட்டில் முறிவு. கட்டு அவிழ்த்த பின்னரும் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. வயலின் பெட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைக்கப்பட்டது.

1969, ஆனி. தேயிலை ஏற்ற வந்த கப்பலொன்றின் தச்சர், கால் முறிந்து நகர வைத்தியசாலையில் மூன்று வாரம் இருந்தார். புறப்படும் நாளில், நரம்பற்ற வாத்தியமொன்றையும் அதன் வில்லையும் எனக்குத் தந்தார்.

1969, ஆவணி. வாத்தியத்துக்கு மூன்று நரம்புகள் பூட்டப்பட்டன.

1969, சரசுவதி பூசை. பகல் பன்னிரண்டே காலுக்கு ஒரு நரம்பும், பன்னிரண்டு நாற்பதுக்கு இன்னொன்றும் அறுந்தன.

1982, பங்குனி. மனைவி காலமானார்.

இவை என் குறிப்பேட்டில் உள்ளவை. பௌதிகம் கற்பித்துப் பழகியவனுக்கு நேரத்தைக் குறிக்காமல் எதையும் குறிக்க வராது. “நீங்கள் எங்கட கலியாண நாளையும் வெப்பமானி பாத்துத்தானே எழுதி வைச்சிருக்கிறியள்” என்று அவள் விருந்தினருக்கு முன்னால் சொல்லுவாள். அது உண்மை. அன்று எண்பத்தேழு பாகை.

அவள் பெண்கள் பாடசாலையொன்றில் சங்கீத ஆசிரியை. மணிக்கட்டு முறிந்த பின்னரும் வகுப்பில் வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் பாடவில்லை. வயலினைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் சட்டைப் பொத்தான் முதல் அயல்வீட்டுச் சேவல் வரை எல்லாவற்றையும் பகிடி பண்ணியவள், இதை மட்டும் பகிடி பண்ணாதிருந்தது எனக்கு அச்சமாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் அவ்வாறே சென்றன.

வைத்தியசாலைக்கு நான் போனது தற்செயலானது. அங்கிருந்த வைத்தியர் என்னுடன் ஒரே விடுதியில் இருந்து படித்தவர். வெளிநாட்டு நோயாளிக்குப் பொழுது போகவில்லை, ஆங்கிலப் புத்தகங்கள் ஏதும் கொண்டுவா என்றார். கொண்டுபோனேன். கப்பல் தச்சர் ஐரோப்பாவின் வட கோடியைச் சேர்ந்தவர்; அவருடைய ஆங்கிலம் நாற்பது சொற்களைத் தாண்டவில்லை. ஆகவே இருவரும் தாளில் படம் கீறிக் கதைத்தோம். மூன்றாம் நாள் அவர் கட்டிலுக்கடியிலிருந்து அந்த வாத்தியத்தை எடுத்தார்.

ஒரு முழமும் ஒரு சாணும் நீளமான குடைந்த மரப்பெட்டி. மேற்பாதியில் கை நுழையும் அளவுக்கு ஒரு வாசல். அதன் குறுக்கே மூன்று நரம்புகள் ஓட வேண்டும். வயலினைப் போல் வில்லால் இழுக்க வேண்டும். வில்லால் வாசிக்கும் யாழ் என்று அதைச் சொல்லலாம். அவர் சொன்ன பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. நரம்புகள் குதிரைவால் மயிரால் ஆனவை. அவற்றை நம் கடற்கரையின் பூச்சி தின்றுவிட்டது. எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த வில் மட்டும் தப்பியிருந்தது.

நரம்பில்லாமலே வாசித்துக் காட்டினார். வாத்தியம் மடியில். வலக்கையில் வில். இடக்கை, பின்புறமாக அந்த வாசலுக்குள் நுழைகிறது. விரல்கள் நரம்பை எதன்மேலும் அழுத்துவதில்லை. அழுத்துவதற்கு அங்கே பலகையே இல்லை. விறைப்பாக நீட்டிய விரல்களின் புறப்பக்கம் நரம்பைப் பக்கவாட்டில் தொடுகிறது, அவ்வளவுதான். இன்னொருமுறை காட்டச் சொன்னேன். பின்னர் மேலும் ஒருமுறை. என்னை மந்தபுத்திக்காரன் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றை மட்டும்: அந்த விரல்கள் மடங்கவில்லை.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. வாத்தியத்தை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவள் குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து, அதை நீளவாக்கிலும் குறுக்கிலும் பார்த்தாள்.

“இதென்ன, எங்கட திருவலையின்ர தம்பியே? தேங்காய் துருவுற அலகைக் காணேல்லை?”

“வாத்தியம்.”

“ஆர் வாசிக்கிறது?”

“நான்தான்.”

“ஐயோ” என்றாள், மிகவும் அமைதியாக.

அவள் அச்சப்பட்டதற்குக் காரணம் உண்டு. எனக்குச் சுருதி தெரியாது. மீடிறன் தெரியும். ஒரு நரம்பின் நீளமும் நிறையும் இழுவையும் தந்தால், அது செக்கனுக்கு எத்தனை தடவை அதிரும் என்று கணித்துச் சொல்வேன். அதே சுரத்தை யாராவது பாடினால் அடையாளம் காண மாட்டேன். ஆண்டுதோறும் நாற்பது மாணவரைச் சோதனைக்கு அனுப்பிய காலத்தில் இக்குறை யாருக்கும் தெரிந்ததில்லை. அவளுக்கு மணமான முதல் வாரமே தெரிந்துவிட்டது.

நரம்புக்கு மயிர் வேண்டும். எங்கள் திருகோணமலையில் மான் உண்டு. கோட்டைக்குள் வீதியை மறித்து நிற்கும். குதிரை இல்லை. இரண்டு வாரம் விசாரித்தேன். கொழும்பில் பந்தயக் குதிரை வைத்திருந்த ஒருவருக்குக் கடிதம் எழுதும்போது அவள் எட்டிப் பார்த்தாள்.

“வயலின் வில்லில இருக்கிறது என்ன மயிர் எண்டு நினைச்சியள்?”

நான் எழுதுகோலை மூடினேன். அவளிடம் இரண்டு வில்கள் இருந்தன. ஒன்று, படிக்கும் காலத்தில் வாங்கிய பழையது. மற்றது, நல்லது, எப்போதும் அதைத்தான் எடுப்பாள். அலுமாரிக் கதவைத் திறந்து, பெட்டியை இறக்காமலே கையைவிட்டுப் பழைய வில்லை மட்டும் இழுத்து எடுத்தாள்.

“இதை மொட்டையடியுங்கோ. மற்றதைத் தொடக்கூடாது.”

அந்த ‘தொடக்கூடாது’வில் எல்லாம் இருந்தது. விரல்கள் ஒருநாள் மடங்கும் என்று அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

மயிரைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, மூன்று தடிப்புகளுக்குக் கணக்கிட்டுப் பிரித்தேன். முறுக்கினேன். கையை விட்டதும் முறுக்குக் கழன்று, மூன்றும் கிழவன் தாடிபோல் விரிந்தன. பசை தடவிப் பார்த்தேன். மெழுகு பூசிப் பார்த்தேன். இந்த நிலையில்தான், கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும், நாங்கள் ‘நானா’ என்றழைக்கும் முஸ்லிம் வியாபாரி ஒரு காலை வாசல் படலையடியில் நின்று என்னைக் கண்டார்.

“என்ன மாஸ்டர், குதிர வாலுல சூரை புடிக்கப் போறீங்களோ?”

“நரம்பு முறுக்கிறன் நானா. நிக்குதில்லை.”

“ஒரே பக்கம் முறுக்கினா எப்பிடி நிக்கும்? இஞ்ச தாங்க.” சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்தார். மயிரை இரண்டு பங்காக்கி, இரண்டையும் தொடைமேல் வைத்து வலப்பக்கமாக உருட்டினார். பின்னர் இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாக விட்டார். ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கயிறாகி நின்றது. “தூண்டில் கயிறு இதே மாதிரித்தான் மாஸ்டர். ரெண்டும் கழரப் பாக்கும். ஆனா ஒண்ட ஒண்டு விடாது.”

“பாருங்கோ நானா,” என்றாள் அவள், சட்டியுடன் வாசலில் நின்று, “யூனிவேசிற்றியில படிச்ச ஆள் ரெண்டு கிழமையாச் செய்ததை, நீங்கள் மீன் நிறுக்க முன்னம் செய்து போட்டியள்.”

“மாஸ்டருக்குப் படிப்பு இருக்கு டீச்சர். தொடை இல்ல.”

அன்று அவள் சிரித்தது வீதிக்குக் கேட்டிருக்கும். சூரைக்குப் பதிலாக நானா இரண்டு விளைமீன் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்.

அடுத்தது சுருதி சேர்த்தல். தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் பாடசாலை ஆய்வுகூடத்து இசைக்கவர் ஒன்றைக் கொண்டுவந்து, கணக்குப்படி முறுக்காணிகளைத் திருகினேன். காலை ஏழு மணிக்குச் சரியாக இருந்த நரம்பு, பதினொரு மணிக்கு ஒரு சுரம் ஏறிக் கத்தியது. மறுநாளும் அவ்வாறே. ஒரு வாரத்தில் காரணம் விளங்கியது. எங்கள் வீடு உவர்மலைச் சரிவில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. விடியலில் கடலீரம் வீட்டுக்குள் வரும். மயிர் ஈரத்தை உண்டு நீளும். பத்து மணிக்குப் பின் தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று கொதித்துக்கொண்டு வரும்; மயிர் காய்ந்து சுருங்கும். நேரம், வெப்பம், சுருதி மூன்றையும் மூன்று நிரலில் குறித்து அட்டவணை ஒன்று தயாரித்தேன். அது நல்ல அட்டவணை.

“வாத்தியம் வாசிக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வானிலை அறிக்கை எழுதுறியள்” என்றாள். “மழை வருமோ எண்டு கேட்டால் உது சொல்லும். பாட்டுத்தான் வராது.”

அட்டவணையைப் பார்க்கும்படி நீட்டினேன். பார்க்காமலே அதைக் கொண்டு விசிறிக்கொண்டாள்.

நான் வாசித்தேன். அதைப் பற்றி விரிவாக எழுத விரும்பவில்லை. அயல்வீட்டுச் சேவல் மதிலேறிப் பார்த்தது. மூன்றாம் மாலை அவள் பொறுக்க மாட்டாமல் என் கதிரையருகே வந்தாள். “விரலை மடிக்காதேங்கோ. விறைப்பா வையுங்கோவன்.”

“எனக்கு ஏலாது. மடங்குது. விறைப்பா வைச்சுக் காட்டும் பாப்பம்.”

நான் கவனமில்லாதவன்போலச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் இடக்கையைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். எனக்கு நடிக்கவும் வராது.

“அதுக்குத்தானோ?” என்றாள்.

நான் வில்லைக் கீழே வைத்தேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள். அன்று புட்டில் உப்பில்லை. அப்படியே சாப்பிட்டேன். நான்கைந்து நாட்கள் அவள் வாத்தியத்தின் பக்கமே வரவில்லை. பிறகு, நவராத்திரியின் நடுவில் ஒரு நாள், பூ கட்டிக்கொண்டே சொன்னாள்: “விசயதசமிக்குப் பிள்ளையளுக்கு ஏடு தொடக்கிறமெல்லே. நானும் அண்டைக்கு இதைத் தொடக்கிப் பாக்கிறன். வந்தால் வரட்டும். வராட்டி இனி இந்தக் கதையை எடுக்கக்கூடாது.”

அதனால் அந்த ஒரு காலையே எனக்கு எல்லாமாக இருந்தது.

சரசுவதி பூசைக்கு முதல்நாள் பின்னேரம் புத்தகங்களையும் வாத்தியங்களையும் படத்தின் முன் வைத்தோம். வைத்துவிட்டால் விசயதசமிக் காலை வரை யாரும் எதையும் தொடக்கூடாது, வாசிக்கவும் கூடாது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அவள் போட்ட விதிகளில் நம்பிக்கை உண்டு. நரம்புகளைத் தளர்த்தி வைப்பதற்காக முறுக்காணியில் கை வைத்தேன்.

“என்ன செய்யுறியள்? சுருதி இல்லாத வாத்தியத்தை ஆரும் சாமிக்கு முன்னால வைப்பினமே?” என்று, தானே செவியைச் சாய்த்து மூன்று நரம்பையும் சேர்த்தாள். ஈரமான மாலைக்காற்றில் அவை அழகாக நின்றன. என் அட்டவணையின்படி, மறுநாள் நண்பகலில் அவை எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் கச்சான் வழக்கத்துக்கு மேலாக வீசியது. படத்துக்கு இருபுறமும் குத்துவிளக்குகள். மரக்கறிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். உள்ளறையில் ‘டப்’ என்றது.

இருவரும் கையைச் சோற்றில் வைத்தபடி இருந்தோம்.

“என்னது?” என்றாள்.

“கரை நரம்பு. பாட்டு வாசிக்கிற நரம்பு.”

“எழும்பிப் போய்த் தளத்துங்கோவன்.”

“தொடக்கூடாதெல்லே.”

“உங்களுக்குத்தான் சாமி இல்லையே!”

“விதி உம்முடையது. நீர் சொன்னால் தொடுறன்.”

அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? நம்பிக்கையுள்ளவள், நம்பிக்கையில்லாதவன் தானாக எழுந்து தொட்டுவிடுவான் என்று காத்திருந்தாள். நம்பிக்கையில்லாதவன் உத்தரவுக்காகக் காத்திருந்தான். பயத்தங்காய்க் கறி ஆறியது. இருபத்தைந்து நிமிடம் கழித்து மறுகரை நரம்பும் போனது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்தது சிரிப்பினால்தானா என்று நான் கேட்கவில்லை.

விசயதசமிக் காலையில் நடு நரம்பு மட்டும் இருந்தது. வேறு நாள் பார்ப்போம் என்றேன்.

“ஏன்? பிள்ளைக்கு முதல்நாள் ஒரு எழுத்துத்தானே எழுதுவிக்கிறது” என்று வாத்தியத்தை மடியில் வைத்தாள். கரை நரம்புகள் இருந்திருந்தால் நடு நரம்பை விரல் தொட முடியாது. இப்போது வழி திறந்திருந்தது. வில்லை இழுத்தாள். மடங்காத இரு விரல்களின் புறம் நரம்பில் பட்டது. கரகரத்த, மூக்கடைத்த ஓசை ஒன்று வந்தது. பின்னர் அதற்கு மேல் ஒன்று. பின்னர் இன்னொன்று. நான்காவது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வெளியே கப்பலொன்றின் ஊதல் கேட்டு, அடங்கியது. அவள் நிறுத்தவில்லை.

அன்று மாலை அலுமாரியிலிருந்து வயலின் பெட்டியை முழுமையாக இறக்கினாள். நல்ல வில்லை எடுத்து, அதன் மயிரைத் தானே கழற்றி, தாளில் சுற்றி என்னிடம் தந்தாள். “நானாவிட்டக் குடுங்கோ. நீங்கள் முறுக்கவேண்டாம்.”

ஒரு மாதத்தில் சென்னைக்கு எழுதி அந்த வில்லுக்குப் புதுமயிர் பூட்டுவித்துத் தருவேன் என்றேன். “ஓம், ஓம்” என்றாள்.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள், கடலீரம் வந்தபின் மாலையில் அரை மணி நேரம் வாசித்தாள். ஒவ்வொரு சரசுவதி பூசைக்கும், நரம்பு அறுந்தது யாருடைய பிழை என்று வழக்குப் பேசினோம். சுருதி சேர்த்தவர் நீர் என்பேன். எழும்பாதவர் நீங்கள் என்பாள். அட்டவணையைக் காட்டி முதல்நாளே எச்சரிக்காதது ஏன் என்று மட்டும் அவள் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது எண்ணுகிறேன். அவள் விசிறியாக்கிய அந்த அட்டவணை சரியானது என்பதை, நண்பகலில் சுருதி ஏறி, வாத்தியமே அவளிடம் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். அறும் என்று நினைக்கவில்லை. அவளுடைய அந்த ஒரு காலையை வைத்து நான் வாதத்தில் வெல்லப் பார்த்தேன்.

கடைசியாக வாசித்தது மாசி மாதத்தில், ஒரு செவ்வாய் மாலை. வெப்பநிலையைக் குறிக்கவில்லை. சுருதி சேர்த்தபடியே அதை ஆணியில் மாட்டினாள். நாளைக்கு வாசிக்கத்தானே என்றாள்.

செய்யாது விட்டவை:

சென்னைக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்த்தல்.

பிழை என்னுடையது என்று ஒப்புக்கொள்ளல்.

நானாவிடம் அவள் போன செய்தியைச் சொல்லல். அவர் இப்போது இவ்வீதிக்கு வருவதில்லை. கிண்ணியாவுக்குப் போக வேண்டும்.

கச்சான் தொடங்குமுன், அவள் சுருதி சேர்த்தபடி தொங்கும் மூன்று நரம்பையும் தளர்த்தல்.