ஞாயிற்றுக்கிழமை மின்வெட்டும் மூன்று புரதங்களும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். இரண்டு தெரு தள்ளி ஓர் ஆய்வுக்கூடத்தில் என் மனைவி முனைவர் பட்டத்துக்கு வைரஸ்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட வைரஸ் செல்லுக்குள் நுழையும். அதன் உட்கருவுக்குள் கால் வைக்காது. ஆனாலும் உட்கருவில் இருக்கும் சில புரதங்கள் வெட்டுப்பட்டுக் கிடக்கும். "தான் வாசல்ல நின்னுக்கிட்டு கத்தரிக்கோலை மட்டும் உள்ளே அனுப்புது" என்பாள், புரதத்தை வெட்டும் அதன் நொதியைச் சொல்லி.

அந்த ஆகஸ்டில் அப்படி மூன்று புரதங்களைக் கண்டிருந்தாள். தொற்றிய செல்களில் மூன்றும் துண்டு; தொற்றாத செல்களில் மூன்றும் முழுசு. உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் கட்டுரை போயாக வேண்டும்.

மழை, ரயில் தாமதம், கரண்ட் போன நேரம் என்று எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைப்பவன் நான். ஒரு மாலை கட்டுரை எழுத உட்கார்ந்தவள் கேட்டாள்:

"என்னங்க, தொற்றின செல்லை ஃப்ரீசர்ல வெச்சிட்டு லேட்டா வந்தேனே, அது சனிக்கிழமைதானே? டைரியப் பாருங்க."

"சனிக்கிழமைதான்."

அதற்குக் கீழே இருந்த வரியைப் பார்த்தேன். டைரியை மூடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"ஏன் நிறுத்திட்டீங்க? மறுநாள் சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு எழுதியிருக்கா?"

"மறுநாள் காலைல பத்துலேர்ந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும் கரண்ட் இல்ல."

பேனாவை வைத்தாள். எங்கள் வீட்டுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஒரே லைன். ஞாயிறன்று அங்கே யாரும் இல்லை. உருகினால் புரதம் தானாகவே சிதையும். திங்கள் காலைக்குள் மறுபடி உறைந்திருக்கும்; பார்த்தால் தெரியாது.

"தொற்றாத செல்லைத் திங்கட்கிழமைதான் வெச்சேன்" என்றாள் மெதுவாக. "கரண்ட் பண்ணின வேலையை வைரஸ் தலையில கட்டிட்டேனா?"

என் மேல் எரிந்து விழுவாள் என்று எதிர்பார்த்தேன். "நல்லவேளை, இப்பவே படிச்சீங்க" என்று எழுதிய தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

இருவகைச் செல்களையும் ஒரே நாளில் வளர்த்து, ஒரே நாளில் உறைய வைத்து, அருகருகே வைத்துச் சோதித்துப் பார்க்க அக்டோபர் ஆகிவிட்டது. முடிவு தெரிந்த மாலை செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "ரெண்டு போச்சு. ஒண்ணு நெஜம்."

உதவித்தொகை நின்றது, பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த ஒற்றைப் புரதத்தை வைத்தே ஆய்வேட்டை முடித்தாள். நன்றியுரையில் என் டைரிக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தாள். நான் திருப்பிச் சொல்லாத நன்றி ஒன்று உண்டு: அந்த மின்வெட்டு வரியை மறைக்காமல் வாசித்துக் காட்டும்படியான மனுஷியாக அவள் இருந்தாள்.

அக்டோபர் மாலைக்கான என் குறிப்பு இவ்வளவுதான்: "ஒன்று நிஜம். இரவு உப்புமா. கரண்ட் போகவில்லை."