மூடியின் மேல் ஒரு கல்

மாலையில் புனேயின் ஹிஞ்சேவாடியிலிருந்து கிளம்பும் எங்கள் கம்பெனி வண்டி, முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் நான் பத்துப் பக்கமாவது படித்துவிடுவேன். பின்சீட்டில் இரண்டு பேர்தான். மற்றவள் வேறு டீம்; கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒரு நாள் என் மடியில் கிடந்த பழைய நாவலை எட்டிப் பார்த்தாள்.

"தமிழா? எனக்குப் பேச மட்டும்தான் வரும். சத்தமா படியேன், டைம்பாஸ் ஆகும்."

புனேவுக்கு வந்த பிறகு நான் தமிழில் பேசியதெல்லாம் அம்மாவிடம், போனில்தான். உடனே படிக்க ஆரம்பித்தேன்.

அது ஒரு பெரிய குடும்பத்தின் கதை. அந்தக் காலத்து எழுத்து. மனிதர்கள் பேசுவது குறைவு. அறை, பாத்திரம், கொடியில் கிடக்கும் துணி என்று பக்கம் பக்கமாகப் போகும். இரண்டாம் நாளே அவள் கொட்டாவி விட்டாள்.

"அரே, இன்னும் எவ்ளோ நேரம் அந்த அடுக்களையையே சொல்லிட்டிருப்பார்? கதைக்கு வா."

எனக்குப் பயம் வந்தது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டால் அதோடு முடிந்தது. அதனால் வர்ணனைகளைத் தாண்டி, பேச்சு வரும் இடங்களை மட்டும் படித்தேன். கதை ஓடியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஏதாவது மந்திரமா மேடம்?" என்று இந்தியில் கேட்டார்.

"ஹாங் பையா, டிராஃபிக் கிளியர் ஆக," என்றாள் அவள்.

நாவலில் மூத்த மருமகள் ஒருத்தி வருகிறாள். வெளியே சுற்றிவிட்டு நேரம் கழித்து வரும் கொழுந்தனிடம் அவள் பேசுவது ஒரே வரி: சோறு இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போட்டுக்கொள்.

"திமிர் பிடிச்சவ யார் இவ," என்றாள் தோழி. "பாரு, இவதான் வில்லி."

என்னைச் சொன்னதுபோலச் சுருக்கென்றது. அந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்தவள் அந்த மருமகள்தான். பிழை நாவலில் இல்லை, நான் படித்த விதத்தில் இருந்தது.

"இல்ல. நடுவுல கொஞ்சம் விட்டுட்டேன்," என்று பக்கங்களைப் பின்னால் திருப்பினேன்.

விட்டுப்போன இடத்தில் அடுக்களை வருகிறது. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஓரத்தில் ஒரு தட்டு. அதன் மேல் மூடி. பூனை தள்ளாமல் இருக்க மூடியின் மேல் ஒரு கல். கல்லின் ஒரு பக்கம் மட்டும் கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாகியிருக்கிறது. அவ்வளவுதான். அவள் காத்திருந்தாள் என்றோ, அன்பானவள் என்றோ ஆசிரியர் எங்கும் எழுதவில்லை. கல்லைக் காட்டிவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.

நான் மென்பொருள் சோதிப்பவள். பிழையைப் பதிவு செய்யும்போது மூன்று விஷயங்கள் எழுதுவோம்: என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. சொந்த அபிப்பிராயத்துக்கு அதில் இடமில்லை. இந்த ஆசிரியரை எனக்குப் பிடித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

படித்து முடித்தபோது வண்டி நகராமல் நின்றிருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உன்னையும் ஆபீஸ்ல திமிர்னுதான் சொல்றாங்க, தெரியுமா? மத்லப், அதாவது நீ பேசறதே ரெண்டு வார்த்தை. மீதியை யாரு பார்த்தா?"

"மீதின்னு ஒண்ணும் இல்ல."

"அதை நான் வந்து பார்த்துச் சொல்றேன். திங்கட்கிழமையிலேருந்து எனக்கு ஷிஃப்ட் மாறுது. இந்த வண்டி கிடையாது. சனிக்கிழமை உன் வீட்டுக்கு வர்றேன்."

ஷிஃப்ட் மாறுவதை அவள் போகிறபோக்கில் சொன்னாள். எனக்கு அதற்குப் பிறகு ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

என் வீட்டுக்கு அதுவரை வந்தவர்கள்: தண்ணீர் கேன் போடுகிறவர், கேஸ் சிலிண்டர்காரர், வீட்டுக்காரம்மா. வெள்ளிக்கிழமையே வேலைகளைப் பிரித்துக்கொண்டேன். துடைக்க வேண்டியவை, வாங்க வேண்டியவை, மறைக்க வேண்டியவை. பிரிக்காமல் கிடந்த அட்டைப்பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. இரண்டாவது நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை மடித்து வைத்தேன். இரண்டு புதுத் தட்டுகள் வாங்கினேன். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அவள் வந்தாள். வடாபாவ் வாங்கி வந்திருந்தாள். வீட்டைச் சுற்றி வந்து, "ச்சல், நல்லா இருக்கு. ஹோட்டல் ரூம் மாதிரி," என்றாள். பிறகு சாப்பாட்டு மேஜைக்கு எதிரே நின்றுவிட்டாள்.

"சர்க்கரை டப்பா ஏன் இங்க இருக்கு? டீ போடறது அங்க இல்ல?"

அது அங்கே இருப்பதே என் கண்ணில் பட்டிருக்கவில்லை. சாப்பிடும்போது போனை அதில் சாய்த்து வைத்துக்கொள்வேன். யாராவது பேசும் வீடியோ ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். டப்பாவின் முன்பக்கத்தில், போனின் விளிம்பு படும் இடத்தில், பூப்போட்ட பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. அவள் விரல் அந்த இடத்தில் நின்றது.

"போன் வைக்க," என்றேன்.

கேலி செய்யப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் டப்பாவை எடுத்துப் போய் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, வந்து என் நாற்காலிக்கு எதிரே, டப்பா இருந்த இடத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"பசிக்குது. ஆறிடும், எடு."

சாப்பிட்டோம். ஆபீஸ் வம்பு பேசினோம். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "கதை இன்னும் முடியல. மீதியை வாய்ஸ் மெசேஜா அனுப்பு. இந்தத் தடவை எதையும் விடாதே," என்றாள்.

திங்கட்கிழமை பின்சீட்டில் நான் மட்டும். டிரைவர், "இன்னைக்கு மந்திரம் இல்லையா?" என்று கேட்டார். சிரிக்க முயன்றேன்.

வீட்டுக்கு வந்து குக்கரை அடுப்பில் வைத்தேன். சர்க்கரை டப்பா அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. எதிர் நாற்காலி, அவள் எழுந்தபோது தள்ளிய கோணத்திலேயே நின்றது. போனை மேஜையில் படுக்க வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தி, வாசிக்கத் தொடங்கினேன். கொல்லைப்புறத்தைப் பற்றி இரண்டு பக்கம். மருமகள் அதில் வரவே இல்லை. அவள் உலர்த்திய புடவை மட்டும் வருகிறது.

நடுவில் குக்கர் விசில் அடித்தது. அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்போது இப்படி ஏதாவது சத்தம் விழுந்தால் அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்வேன். அன்று விசில் அடங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து படித்து, அப்படியே அனுப்பினேன்.