மைக்கு மேல் மருதோன்றி

தேர்தல் வந்தால் எங்கள் ஒழுங்கையில் அப்பாவின் கட்சிதான் பெரிய கட்சி. அதற்குச் சின்னமும் கிடையாது, சுவரொட்டியும் கிடையாது. வாக்களிக்கும் நாளன்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பதுதான் அதன் ஒரே கொள்கை. கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெரிய தெருவிலிருந்து கடலை நோக்கி இறங்கும் அந்த ஒழுங்கையில் இருந்த தமிழர்களில் பாதிப்பேர் எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். சண்டை ஓயும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்து, வருடக்கணக்காக வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்கள். இரண்டு பெரிய கட்சிகளில் எது வந்தாலும் மறுநாள் சந்தியில் நிறுத்தி அடையாள அட்டை கேட்கத்தான் போகிறது என்று அவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். அந்த முடிவில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

எங்கள் வீட்டில் எதிர்க்கட்சி அம்மா. வாக்காளர் அட்டைகளைத் தபால்காரர் கொண்டுவந்து தந்தால் அப்பாவினுடையது மேசையிலேயே கிடந்து தூசி பிடிக்கும். அம்மா தன்னுடையதை எடுத்து சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. இரண்டு பேரும் சண்டை பிடிக்கும் விடயம் வேறு எதுவும் எனக்கு நினைவில் இல்லை. இது ஒன்றுதான்.

அந்த வருடத் தேர்தலுக்கு முதல்நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா மறுபடியும் தொடங்கினார்.

“நீர் போய்ச் சீட்டில போடுற ஒரு புள்ளடியால இந்த நாட்டில என்ன மாறப்போகுது?”

அம்மா சோற்றைக் குழைத்தபடியே பதில் சொன்னார். “பொலிசில எங்கட பேரைப் பதிஞ்சு வச்சிருக்கிறது எங்களைப் பிடிக்க. இந்த அட்டையில பதிஞ்சிருக்கிறது எங்களைக் கேக்க. கேக்கிற ஒரு நாளில நான் ஏன் வீட்டில இருக்கவேணும்?”

கொழும்பில் இருந்த தமிழர்கள் எந்த வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் போய்ப் பதியவேண்டியிருந்த காலம் அது. பதிந்த துண்டின் பிரதி ஒன்றை அப்பா எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். அம்மா சொன்னதும் அவருடைய கை அந்தப் பையைத் தொட்டுப் பார்த்ததைக் கண்டேன்.

மறுநாள் காலை அம்மா கோயிலுக்குப் போவதுபோல ஒரு நல்ல சேலை உடுத்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாக்களிப்பு ஒரு பள்ளிக்கூடத்தில். வாசலில் ஒரு வரிசை நிற்கும் என்று நினைத்துப் போன எனக்கு ஏமாற்றம். துப்பாக்கியோடு நின்ற பொலிஸ்காரர்தான் அங்கே கூட்டம். நான் கதவடியில் நின்றேன். உள்ளே ஒரு சிங்கள உத்தியோகத்தர் அம்மாவின் பெயரைச் சத்தமாக வாசித்தார். நீளமான தமிழ்ப் பெயர் அவர் நாக்கில் தடுக்கியது. மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் வாசித்து, சரியாக முடித்தார். அம்மாவின் பெயரை அவ்வளவு மரியாதையாக ஓர் அரசாங்கத்து ஆள் வாசித்து அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் அதிகம் கேட்டதில்லை. இன்னொருவர் அம்மாவின் இடதுகைச் சின்னவிரலைப் பிடித்து நகத்திலும் தோலிலும் மை பூசினார். வீட்டுக்கு வந்து அந்த விரலை எனக்குக் காட்டியபோது அம்மாவுக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. அப்பா பத்திரிகையைக் கீழே இறக்கவே இல்லை.

பிறகு பல நாட்கள் கழித்து, ஊரிலிருந்து மருந்து வாங்கக் கொழும்புக்கு வந்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அம்மாவின் அப்பா இறந்துவிட்டார். அங்கே தொலைபேசி இல்லை, தந்தி போவதில்லை, எல்லாம் ஆள்வழிதான். அவர் வந்து சேரும்போது உடலை எரித்து இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது. அம்மா குசினியில் அடுப்போரம் நிலத்தில் இருந்து அழுதார். அழுது முடிந்ததும் எழுந்து முகம் கழுவி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்றார்.

அப்போதுதான் அப்பா அம்மாவின் விரலைப் பார்த்தார்.

வடக்கில் அந்தத் தேர்தலை ஒருவரும் தொடக்கூடாது என்று பொடியள் அறிவித்திருந்தார்கள். துப்பாக்கி ஏந்தி அந்தப் பக்கத்தை வைத்திருந்தவர்களை ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஊருக்குப் போகிற வழியில், ஆமியின் காவல் சென்றியில் மை பூசிய விரல் ஒரு நல்ல பிள்ளையின் விரல். அங்கிருந்து கொஞ்சத் தூரம் நடந்து பொடியளின் சென்றிக்குப் போனால் அதே விரல் துரோகியின் விரல். நடுவில் விரலைக் கழற்றிவைத்துவிட்டுப் போக ஒரு வழியும் இல்லை. போகவேண்டாம், மை போன பிறகு ஒரு திவசத்துக்குப் போகலாம் என்றார் அப்பா. தகப்பனுக்கு ஒரு பிடி சோறு படைக்கப் போகாத பெண் இருந்தென்ன என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்த மையோடு ஒரு யுத்தம் நடந்தது. தேசிக்காய்ப் புளியால் தேய்த்தார்கள், மண்ணெண்ணெயில் ஊறவைத்தார்கள், துணி வெளுக்கிற தூளைப் போட்டுத் தோலை எரித்துக்கொண்டார்கள். தோலில் இருந்தது மங்கியது. நகத்தில் இருந்தது அசையவில்லை. விரலுக்கு ஒரு துணி சுற்றலாமே என்று நான் சொன்னேன். தேர்தல் முடிந்த கையோடு அந்த விரலுக்கு மட்டும் காயம் வந்தால் பார்க்கிறவன் மடையனா என்று அப்பா கேட்டார். அவர் கேட்டதும் சரிதான்.

வழி சொன்னவர் மேல்வீட்டு முஸ்லிம் அன்ரி. துக்கம் விசாரிக்க வந்தவர் அம்மாவின் புண்பட்ட விரலைக் கண்டு கதையைக் கேட்டார்.

“ஒரு வெரல ஒளிக்கப் போனாத்தானே தெரியும்” என்றார். “எல்லா வெரலையும் செவப்பாக்கிட்டா ஆரு பாக்கப் போறாங்க?”

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப்போனார். குரலைத் தாழ்த்தி, மௌத்தான வூட்டுக்கு மருதோண்டிக் கையோட எப்படிப் போறது, நான் ஒரு புத்தி கெட்டவள் என்று அம்மாவின் தோளைத் தடவினார். எங்கள் ஆட்களில் அப்படி யாரும் போவதில்லை. சாவுத்துடக்கு வீட்டுக்குப் பூ வைத்துக்கொண்டே போகாத சனம். அதுவும் இறந்தவரின் மகள், இரண்டு கையும் சிவக்கச் சிவக்க. எனக்கே அது தெரியும்.

அம்மா எழுந்து யன்னலைச் சாத்தினார். பிறகு இரண்டு கைகளையும் அவரிடம் நீட்டினார்.

அன்ரி மருதோன்றியை அரைத்துக் கொண்டுவந்து பத்து விரல் நுனிகளுக்கும் தொப்பி போட்டதுபோல அப்பினார். அவர்களுடைய கலியாணப் பெண்களுக்கு வைப்பதுபோலக் கருஞ்சிவப்பாக வரவேண்டும் என்று மறுபடியும் மறுபடியும் வைத்தார். கழுவிப் பார்த்தபோது எந்த விரலில் மை இருந்தது என்று எங்களுக்கே தெரியவில்லை. இவ்வளவு அழகான கையை அம்மாவிடம் அதற்கு முன் நான் கண்டதில்லை. வாய்விட்டு அதைச் சொல்லக்கூடாது என்கிற அளவுக்கு எனக்கு விளங்கியிருந்தது.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் வவுனியாவரை ரயிலில் போனோம். ஆமியின் சென்றியில் எங்கள் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள், கையை ஒருவரும் பார்க்கவில்லை. அங்கிருந்து வெயிலில் நெடுந்தூரம் நடந்து மற்றச் சென்றிக்கு வந்தோம். அங்கே சைக்கிள்களும் சாமான்களுமாக ஒரே சனம். எங்கள் முறை வந்தபோது, காவலுக்கு நின்ற, இரட்டைப்பின்னலை மடித்துக் கட்டிய ஒரு பெண்பிள்ளை அடையாள அட்டையை வாங்கினாள். அதை நீட்டிய கையைப் பார்த்தாள். அவளுக்குப் பதினேழு பதினெட்டு வயதிருக்கும். முகம் மலர்ந்து கேட்டாள்.

“கலியாண வீட்டுக்கோ அக்கா?”

ரயில் முழுக்க அழுதுகொண்டு வந்த அம்மா சிரித்தார்.

“ஓம். தங்கச்சியின்ர.”

அவள் அட்டையைத் திருப்பித் தந்து, என் கன்னத்தைத் தட்டி, பலகாரம் சாப்பிடப் போறியோ என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அந்த இடம் கண்ணுக்கு மறைந்த பிறகும் அம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார் போலிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அந்தியேட்டிக்கு முதல்நாள். சித்தி ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார். கைகளைப் பற்றி நெஞ்சில் வைத்துக்கொள்ளப் போனவர், கைகளைக் கண்டார். ஒப்பாரி பாதியில் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து வந்த மாமா தங்கையின் கையை ஒரு தரம் பார்த்துவிட்டு, வந்த வழியே உள்ளே போனார். சுற்றியிருந்த பெண்கள் எங்களுக்குக் கேட்கிற அளவில்தான் மெதுவாகக் கதைத்தார்கள். தகப்பன் போய் மாதம் முடியவில்லை, இவள் கொழும்பில் கலியாணம் கொண்டாடிவிட்டு வந்து நிற்கிறாள் என்றார்கள். கொழும்புக்குப் போனால் இப்படித்தான் என்றார்கள்.

மறுநாள் படையலுக்குச் சமைத்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைக்கவேண்டும். அவர் பாகற்காய்க் கறியை அம்மாவின் கையால் மட்டுந்தான் சாப்பிடுவார் என்று எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்படும். அம்மா முழுகிவிட்டு வந்து, அரிந்து வைத்திருந்த பாகற்காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சித்தி எழுந்து வந்து அந்தத் தட்டை வாங்கினார்.

“நீ இரு அக்கா. அந்தக் கையால வேண்டாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மா ஏதாவது சொல்லியிருப்பார். அம்மா தட்டை விட்டுவிட்டு வந்து சுவரோரம் இருந்தார். படைக்கும்போதும் அப்படியே இருந்தார். எல்லோரும் ஒவ்வொரு பிடி வைத்தார்கள். அம்மாவை ஒருவரும் கூப்பிடவில்லை.

என் அம்மாவைப் போல ஒருத்தி அந்த வீட்டில் இல்லை, அவர் எதற்காகக் கையைச் சிவப்பாக்கினார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கத்தவேண்டும் போலிருந்தது. எழுந்தேவிட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மடியில் இருத்தினார். வலித்தது. அந்தப் பிடியை அவர் விடவில்லை.

பின்னேரம் கிணற்றடியில் நாங்கள் இருவரும் தனியே நின்றபோது, சித்திக்கும் மாமாவுக்குமாவது ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அழுதழுது கேட்டேன். அம்மா வாளியிலிருந்த தண்ணீரை என் காலுக்கு ஊற்றினார்.

“அதுகள் இஞ்ச இருக்கிறதுகள்” என்றார்.

அதுதான் பதில். அது எனக்குத் தெரியாத செய்தியா? அவர்கள் அங்கே இருக்கிறார்கள், நாங்கள் கொழும்பில் இருக்கிறோம், அதனால் என்ன என்று இன்னும் கூடக் கோபம் வந்தது. நாங்கள் புறப்பட்டுப் போன பிறகு யாராவது படலையைத் திறந்துகொண்டு வந்து கேட்டால், பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள். தெரியாது என்று சொல்வதற்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கவேண்டும். இது எனக்கு விளங்குவதற்கு நான் வளர்ந்து, எனக்கும் மறைத்துக் காப்பாற்ற ஆட்கள் வரவேண்டியிருந்தது.

சித்தியிடமிருந்து அதன்பிறகு ஆள்வழிக் கடிதம் எதுவும் வரவில்லை. அம்மா எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். சில மாதங்களில் இன்னொரு தேர்தல் வந்தது. வாக்காளர் அட்டைகள் வந்தன. இந்தமுறை அம்மா போகமாட்டார் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அப்பாவும் நம்பியிருக்கவேண்டும். அம்மா காலையில் சேலை மாற்றிக்கொண்டு வந்தபோது, அவர் என்றைக்கும் இல்லாதபடி குரலை உயர்த்தினார்.

“அந்தப் புள்ளடிதான் உம்மட தகப்பனுக்கு ஒரு பிடி சோறு வைக்கவிடாமல் செய்தது. அதுக்குப் பிறகும் போறீரோ?”

சொல்லி முடித்தவுடனே அது கொடுமையான பேச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கதிரையில் இருந்துவிட்டார். அம்மா கதவடியில் நின்றார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“அங்க நான் வாய் திறக்கேலாமல் இருந்தனான். இஞ்சயும் திறக்காட்டி, பிறகு நான் எங்க போய்த் திறக்கிறது?”

என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதே பள்ளிக்கூடம், அதே வெறும் வாசல். மை பூசுகிறவர் அம்மாவின் சின்னவிரலைப் பிடித்துக் கொஞ்சம் தயங்கினார். நகம் வளர்ந்து நுனிக்குப் போயிருந்தது, மருதோன்றி அங்கே ஒரு மெல்லிய பிறையாக மிஞ்சியிருந்தது. அதற்குக் கீழே, வெறுமையாக இருந்த இடத்தில் அவர் மையைப் பூசினார். அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார், வந்தார், மடித்துப் பெட்டியில் போட்டார். அங்கிருந்த யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. வாய் திறக்கவேண்டும் என்று அப்பாவோடு அப்படி வாதாடிவிட்டு வந்தவர், இங்கே வந்து ஏன் ஒன்றுமே சொல்லாமல் போகிறார் என்றுதான் நான் வீடுவரைக்கும் யோசித்துக்கொண்டு நடந்தேன்.